பூச்சுக் கெடாத ஸ்டாண்ட்

சுவரில் சாய்த்து வைத்த கிட்டார் இன்றைக்கோ நாளைக்கோ விழத்தான் செய்யும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அடிப்பகுதி உருண்டை, கழுத்து நீளம், அதற்கு மேலே கனமான தலை. அதனால் கிட்டார் வாங்குகிறவர் அன்றைக்கே நல்ல ஸ்டாண்ட் ஒன்றையும் வாங்கிவிட வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. அதுதான் என் தவறு. மற்றவை எல்லாம் அந்தத் தவறைத் திருத்தப் போய் நடந்தவை.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று பொலிஸ் சார்ஜனிடம் கேட்டுக்கொண்டேன். அவர் நல்ல மனிதர், தமிழும் பேசுகிறார். ஆனால் நேற்று நான் சொல்லச் சொல்ல எழுதியதை அவர் வாசித்துக் காட்டியபோது, மரப் பூச்சை 'லாக்கர்' என்று நான் சொன்ன இடத்தில் எல்லாம் 'பெயின்ட்' என்று இருந்தது. அப்படி எழுதினால் வாசிக்கிறவருக்கு என் பக்கம் விளங்காது.

என் பெயர் வீரசிங்கம். வயது ஐம்பத்தாறு. மாத்தளை டவுனில் இருபத்தாறு வருடமாகப் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் நானும் என் மனைவி கலாராணியும்தான்.

போன வருடம் சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்குப் பெயின்ட் கொடுக்கப் போயிருந்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பாடுகிற ரமேஸ் என்பவர் கனடாவுக்குப் போவதால் தன் கிட்டாரை விற்கப் போவதாகச் சொன்னார். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கவில்லை. நான் பார்த்தது அதன் பூச்சை. அது பழைய நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். இப்போது வருகிற கிட்டார்களில் கண்ணாடித் தாள் சுற்றியது மாதிரித் தடித்த பூச்சுத்தான் இருக்கும். இது அப்படியில்லை. நல்ல தேன் நிறம். மரத்துக்கும் விரலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி அவ்வளவு மெல்லிசு. இருபத்தாறு வருடம் பெயின்ட் விற்ற ஒருவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வர முடியாது.

"ரப்பர் வச்ச ஸ்டாண்ட்ல மட்டும் வச்சிறாதீங்கண்ணே," என்றார் ரமேஸ். "ரப்பர் பட்டா இந்தப் பூச்சு இளகி ஒட்டிக்கும்."

வீட்டுக்குக் கொண்டு வந்து ஹோலில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். எங்கள் வீடு பெரிய ரோட்டுப் பக்கம். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகிற லொறிகள் போகும்போது அலுமாரியில் உள்ள கிளாஸ்கள் ஒன்றோடொன்று பேசும். ஒன்பதாம் நாள் கிட்டார் விழுந்தது. ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை அளவு கீறல். கண்ணுக்கே தெரியவில்லை என்றாள் கலாராணி. எனக்குத் தெரிந்தது. ஹோலுக்குள் வரும் ஒவ்வொரு முறையும் முதலில் அதுதான் தெரிந்தது.

சார்ஜன் என்னிடம் மூன்று முறை கேட்ட கேள்வி, "கடையில ஒரு ஸ்டாண்ட் வாங்கியிருக்கலாம்தானே?" என்பது. வாங்கினேன். கண்டிக்குப் போய் மூன்று காலுள்ள இரும்பு ஸ்டாண்ட் ஒன்று வாங்கி வந்தேன். கிட்டார் படுகிற இடமெல்லாம் கறுப்பு ரப்பர். நான் எதையும் சோதிக்காமல் நம்புகிறவன் அல்ல. ஒரு பலகையில் அதே லாக்கரை அடித்துக் காயவிட்டு, அந்த ரப்பரில் ஒரு துண்டை வெட்டி மேலே வைத்து, அதன்மேல் ஒரு கலன் பெயின்ட் டின்னைப் பாரம் ஏற்றிப் பதினான்கு நாள் விட்டேன். எடுத்துப் பார்த்தபோது பலகையில் பிசுபிசுப்பாகப் பழுப்பு வட்டம். ரப்பருக்குத் துணி சுற்றிப் பார்த்தேன். துணியையும் தாண்டி வந்தது. ஸ்பொஞ்ச் வைத்தேன், அது ரப்பரை விட மோசம்.

நாவுலையில் ஒரு தச்சரிடம் பலா மரத்தில் ஸ்டாண்ட் செய்வித்தேன். நன்றாக நின்றது. ஆனால் மரம் மரத்தோடு உரசுகிறது. சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடலாம் என்றார்கள். லொறி போகும்போது சுவரும்தானே ஆடுகிறது? பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னாள் கலாராணி. பெட்டிக்குள் வைத்தால் பார்க்க முடியாது. பார்க்க முடியாவிட்டால் அது என்னிடம் இருந்து என்ன, ரமேஸிடம் இருந்து என்ன?

இப்படி ஐந்து மாதம் போனது. இந்த ஐந்து மாதமும் கிட்டார் எங்கள் கட்டிலில் கலாராணி படுக்கிற பக்கத்தில் படுத்திருந்தது. அவள் கீழே பாய் போட்டுக்கொண்டாள். அதைப் பற்றி அவள் ஒரு குறையும் சொன்னதில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அப்போதுதான் கலாராணியின் தம்பி சுதர்ஷன் எங்கள் வீட்டுக்கு வந்தான். முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை, தாய் தகப்பனும் இல்லை. சீகிரியாவில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு இரண்டு தடவை மலை ஏறி இறங்குகிற கைட் வேலை. அந்தப் படிகளை எத்தனை தரம் ஏறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது என்பான். நாவுலைக்குக் கிட்ட ஒரு வளைவில் நாய் குறுக்கே ஓடி, மோட்டார் சைக்கிளோடு விழுந்து வலது காலை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டான். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் பிளாஸ்டர் கட்டுப் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் அக்கா வீட்டுக்கு வந்தான். ஹோலில் என் ஈசிச்சேரைக் கொடுத்தேன். நான் அவன்மேல் பாசமாகத்தான் இருந்தேன்.

வந்த நாலாம் நாள் அவன் கேட்டான்.

"அத்தான், சும்மா ஒக்காந்து ஒக்காந்து பைத்தியம் புடிக்குது. அந்தக் கிட்டார இங்க குடுங்களேன். ரமேஸ் அண்ணன் எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்காரு."

கொடுத்தேன். இரண்டு பாட்டு வாசித்தான். நகம் பூச்சில் படுகிற சத்தம் எனக்குக் கேட்டதால் போதும் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே நிறுத்தினான். வலி மாத்திரை போட்டிருந்ததால் அப்படியே தூங்கிப்போனான். நான் கிட்டாரை எடுக்கக் குனிந்தேன். எடுக்கவில்லை.

கிட்டாரின் அடிப்பகுதி பிளாஸ்டர் போட்ட தொடையில் நின்றது. முதுகு அவன் நெஞ்சில் சாய்ந்திருந்தது. கழுத்து இடது தோளில், பருத்திச் சட்டையின் மேல். நல்ல கால் ஒரு பக்கமாக மடங்கி, சறுக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய லொறி போனது. கிளாஸ்கள் பேசின. கிட்டார் அசையவில்லை. வீட்டின் ஆட்டம் முழுவதையும் சுதர்ஷனின் உடம்பு வாங்கிக்கொண்டது. நாலு மணி நேரம் நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஐந்து மாதத்தில் எனக்கு நிம்மதியாக இருந்த முதல் பின்னேரம் அது.

அவன் பாதத்தருகே உதிர்ந்திருந்த பிளாஸ்டர் துண்டொன்றை எடுத்து, பலகையில் வைத்து, டின்னை ஏற்றிப் பதினான்கு நாள் விட்டேன். ஒரு தடயமும் இல்லை.

அதற்குப் பிறகு கிட்டார் இரவும் பகலும் அவன் மடியில்தான். நான் செய்தவை சின்னச் சின்னத் திருத்தங்கள். அவன் சட்டைகளில் பட்டன்களை வெட்டிவிட்டு நாடா வைத்துத் தைத்தேன். மோதிரத்தைக் கழற்றி வாங்கி வைத்தேன். வியர்வை லாக்கருக்கு ஆகாது, ஆகவே ஃபேனை அவன் பக்கம் திருப்பினேன். கலாராணியும் நானும் புழுக்கத்தில் இருந்தோம். தூக்கத்தில் புரளுகிற பழக்கம் அவனுக்கு இருந்தது. பிளேன் டீயில், சளித் தடிமனுக்குப் போடுகிற, தூக்கம் வரவைக்கிற குளிசையில் பாதியைக் கரைத்துக் கொடுத்தேன், புரளுவது நின்றது. கொசுவுக்குப் பூசுகிற கிரீம் லாக்கரை அப்படியே கரைத்துவிடும் என்று எனக்குத் தொழில்முறையில் தெரியும். அதனால் கிரீம் வேண்டாம் என்றேன். அவனுக்கு வந்த காய்ச்சலைப் பற்றிக் கலாராணி சொல்லியிருப்பாள். கொசுவால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்டியதும் நான் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. கிட்டாரை எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு மரத்துக்கு நல்லதில்லை.

ஆறு கிழமையில், அதாவது நாற்பத்திரண்டு நாளில், பிளாஸ்டரை வெட்டுவதாக கிளினிக் கார்டில் எழுதியிருந்தது. கார்ட் என்னிடம் இருந்தது. ஆறாவது கிழமை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. டொக்டர் லீவாம், மூன்று கிழமை கழித்து வரச் சொன்னார்களாம் என்று சொன்னேன். "அப்பிடியா அத்தான்," என்றான் சுதர்ஷன். அடுத்த தடவை வேலைநிறுத்தம் என்றேன். அதை நம் நாட்டில் யாரும் சந்தேகிப்பதில்லை. இதற்கிடையில் சீகிரியாவிலிருந்து அவனுடைய மனேஜர் இரண்டு முறை போன் எடுத்தார். மூன்றாவது முறை எடுத்து, வேறு ஆளைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அன்றைக்குச் சுதர்ஷன் கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். கண்ணீரில் உப்பு இருக்கிறது. நான் மெல்லிய துணியால் உடனே துடைத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லாட்டி நான் என்ன ஆவேன் அத்தான்," என்றான்.

பதின்மூன்றாவது கிழமை பக்கத்து வீட்டு அருந்ததி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். உடற்பயிற்சி கொடுத்துக் கை கால்களை வசப்படுத்துகிற வேலையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அம்மன் கோயில் பிரசாதம் கொடுக்க வந்தவர், வாசலிலேயே நின்று சுதர்ஷனையும் அவன் மடியிலிருந்த கிட்டாரையும் பார்த்தார்.

"எத்தினை கிழமையாச்சு தம்பி, கட்டுப் போட்டு?"

"பதிமூணுங்க."

"பதின்மூண்டோ? ஏன் இவ்வளவு நாளும் வெட்டேல்லை? அண்ணை, அந்தக் கார்ட்டை ஒருக்கா எடுங்கோ பாப்பம்."

கார்ட் தொலைந்துவிட்டது என்றேன். மறுநாள் காலையில் அவரே ஓட்டோ பிடித்துச் சுதர்ஷனைக் கூட்டிக்கொண்டு போனார். பின்னேரம் திரும்பி வந்தபோது அவன் கையில் ஊன்றுகோல். கால் மெலிந்து, முழங்கால் மடங்காமல், தோல் வெளிறிப்போய் இருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டு வந்தான். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் நாலைந்து மாதத்தில் மலை ஏறலாம் என்றார்களாம். எனக்கும் சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். வெட்டிய பிளாஸ்டரை வீசிவிட்டார்களா என்று கேட்டேன். நல்லவேளை, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தான்.

அந்த இரண்டு பாதிகளையும் ஒட்டி, உள்ளே மணல் நிரப்பி, ஈசிச்சேரில் வைத்து, மேலே தலையணையைச் சட்டை போட்டுக் கட்டிப் பார்த்தேன். முதல் லொறிக்கே கிட்டார் சாய்ந்தது. நான் கையை நீட்டிப் பிடித்திருக்காவிட்டால் போயிருக்கும். என்னால் ஆனதை எல்லாம் நான் செய்து பார்த்தேன் என்பது இதில் தெரியும். உள்ளே ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாமல் அது வெறும் சுண்ணாம்பு.

எங்கள் குசினியிலிருந்து பின்பக்கத்துப் பாத்ரூமுக்கு இறங்க மூன்று சீமெந்துப் படிகள் இருக்கின்றன. படிக்குப் பெயின்ட் வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும், கொஞ்சம் பொடி மணல் கலந்து அடியுங்கள், இல்லாவிட்டால் மழைக்கு வழுக்கும் என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லி வருகிறேன். எங்கள் படிக்கு நான் மணல் கலக்கவில்லை. நல்ல பளபளப்பான கரும்பச்சை எனாமல், இரண்டு கோட். காய்ந்த பிறகு தரைக்குப் போடுகிற மெழுகைப் போட்டுத் தேய்த்தேன். அழகாக இருந்தது. "என்ன திடீர்னு?" என்று கேட்டாள் கலாராணி. தம்பி நல்லாகி வந்த சந்தோஷம் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டாள்.

நான் கல்நெஞ்சன் அல்ல. தலையில் அடிபடக் கூடாது என்று பழைய மெத்தையைக் கொண்டுபோய்ப் படிக்குக் கீழே சுவரோரம் சாய்த்து வைத்தேன். வலது கால் ஏற்கெனவே மிகவும் கஷ்டப்பட்டுவிட்டதால் இடது கால்தான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால் மூன்று நாள் மழை பெய்தும், அவன் அந்தப் படியில் ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தான். பிறகுதான் கவனித்தேன், ஊன்றுகோலின் நுனியில் ரப்பர் இருந்தது. எவ்வளவு மெழுகிலும் பிடித்து நிற்கிற நல்ல ரப்பர். நாலாம் நாள் காலை அவன் சாப்பிடும்போது அதைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் விழுந்தான். இடது கால்தான். தலை மெத்தையில் பட்டது. இரண்டுமே நான் திட்டமிட்டபடி நடந்தன. நான்தான் தூக்கினேன், நான்தான் ஓட்டோ பிடித்தேன். வழி முழுவதும் அவன், "என் கவலயீனந்தான் அத்தான்," என்று சொல்லிக்கொண்டு வந்தான். நான் மறுக்கவில்லை.

இரண்டு நாளைக்குப் பிறகு வார்டில் போய்ப் பார்த்தால், கட்டு நீல நிறத்தில் இருந்தது. பிளாஸ்டர் இல்லை. ஃபைபர் கிளாஸ். தொட்டுப் பார்த்தேன், உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று இருந்தது. அதில் ரெசின் கலந்திருக்கிறது. லாக்கர் அதில் பத்து நிமிடமும் தாங்காது. நான் டொக்டரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன், இதைக் கழற்றிவிட்டுப் பழைய வெள்ளைப் பிளாஸ்டரே போடுங்கள் என்று. இது இலேசானது, நோயாளிக்குச் சுகம் என்றார் அவர். நோயாளியின் சுகம் இப்போது பேச்சில்லை என்றேன். தொடைவரைக்கும் வேண்டும், முழங்காலை இந்தக் கோணத்தில் மடக்கி வைக்க வேண்டும் என்று என் கையால் காட்டினேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அருந்ததியும் அங்கே நின்றார். நான் காட்டிய கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து நேரே பின்பக்கம் போனார். படியைக் கையால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். மெத்தையைப் பார்த்தார்.

"அக்கா, இந்த மெத்தை எப்பேலயிருந்து இஞ்ச கிடக்குது?"

"அவரு காய வச்சாரு," என்றாள் கலாராணி. சொல்லிவிட்டு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். ஒரு கிழமையாக மழை விடவில்லை. அப்புறம் நுனி மொட்டையாகக் கிடந்த ஊன்றுகோலையும், பிறகு என்னையும் பார்த்தாள். கழற்றிப் போட்டிருந்த என் சட்டையை எடுத்து, பைக்குள் கையை விட்டு அந்த ரப்பரை வெளியே எடுத்தாள்.

"அவன் என் தம்பிங்க," என்றாள்.

தெரியும் என்றேன். எனக்குத் தெரியாமலா? அவன் அவளுடைய தம்பி என்பதால்தான் எங்கள் வீட்டுக்கே வந்தான்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கிளினிக் திகதியைப் பற்றிப் பொய் சொன்னது நான். குளிசையைக் கரைத்தது நான். படியை மெழுகியது, ரப்பரைக் கழற்றியது, சுதர்ஷனின் இடது கால் முறிய வேண்டும் என்று வேண்டுமென்றே இவ்வளவையும் செய்தது நான்தான். வேறு யாருக்கும் பங்கில்லை. இனி அவன் மலை ஏறுவது சந்தேகம் என்று டொக்டர் சொன்னதாகச் சார்ஜன் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

இன்று காலை சுதர்ஷன் என்னைப் பார்க்க வந்தான். இரண்டு கொன்ஸ்டபிள்மார் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து கம்பிக்கு முன்னால் வைத்தார்கள். கலாராணி வரவில்லை. கோபமாகத் திட்டுவான் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அத்தான்," என்றான். "கேட்டிருந்தா நானே அதப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேனே. வேல முடிஞ்சு வந்து தெனம் பின்னேரம் ஒக்காந்திருப்பேன். நீங்க எனக்குச் செஞ்சதுக்கு அதக்கூடச் செய்ய மாட்டேனா?"

அவன் அழுதான். அவன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். நிச்சயமாக உட்கார்ந்திருப்பான், அவ்வளவு நல்ல பையன். அதை நான் முன்பே யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான் விட்டுவிட்டேன். ஆனால் அழுகிறவனிடம் விளக்கம் சொல்வது நாகரிகமில்லை என்பதால் பேசாமல் இருந்தேன். இங்கே எழுதி வைக்கிறேன், வழக்குக்கு உதவும்.

நாம் கேட்டதற்காக உட்காருகிறவன் நினைத்தபோது எழுந்து போய்விடுவான். அதை நிலையான ஸ்டாண்ட் என்று சொல்ல முடியாது.